பாதியில் நின்ற புத்தகம்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பாதியில் நிற்கும் புத்தகங்கள் நிறைய. கொப்பியில் நாற்பது பக்கம் ஓடி நின்ற நாவல், ஓய்வு பெற்ற ஆசிரியர் தொடங்கிய தோட்ட வரலாறு, போனில் பதிவாகிக் கிடக்கும் அப்பாயியின் கதை. 2023இல், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்த 200 வருடத்தை நினைத்து ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் போன காலத்தில், நாமும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் சொல்ல விஷயம் இருந்தது, எழுதும் கையும் இருந்தது. ஆனால் எழுத்து நின்றதும், எங்கே பழுது என்று பார்க்காமல் “நமக்கெல்லாம் எழுத வராது” என்று மூடி வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தக் கதைகளைத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பீலியில் (மலைத் தண்ணீர் வந்து விழும் குழாயில்) தண்ணீர் நின்றால் குழாய் வழியே மேலே ஏறிப் போய்த்தான் பார்ப்போம். அடைப்பு மேலே எங்கேயாவது இருக்கும். புத்தகம் நிற்பதும் அப்படித்தான்: நின்ற இடம் ஒன்று, பழுதான இடம் அதற்கு ஒரு படி முன்னால். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேரே போங்கள்.

அறிகுறி: முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை

எழுதிக் கிழித்த தாள்களைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். “1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து…” என்று தொடங்குகிறதா? அல்லது “இயற்கை எழில் கொஞ்சும் மலைநாட்டில்…” என்றா? நான் வாசித்த கைப்பிரதிகளில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது 200 வருட வரலாற்றை ஒரே மூச்சில் தூக்கப் பார்க்கிறது. இரண்டாவது, நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்தவர் பார்க்கும் மலையை எழுதுகிறது. மழையில் கொழுந்துக் கூடையோடு அதே மலையில் நின்றவருக்கு அந்த வரி சொந்தமாக இருக்காது. அதனால்தான் அடுத்த வரி வர மறுக்கிறது.

பழுது முதல் வரியில் இல்லை. புத்தகம் யாரைப் பற்றியது, யாருக்கு என்ற முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. “எல்லாருக்கும்” என்று பதில் சொன்னால் அடைப்பு அங்கேதான்.

ஒரே ஒரு வாசகரைத் தீர்மானியுங்கள். ஏழு வயதில் தோட்டத்தை விட்டுப் போய், இப்போது கொழும்பில் கடையில் வேலை செய்யும் அக்கா மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) என்றால் என்ன என்று மறந்திருக்கலாம், ஆனால் இஸ்தோப்பின் (வீட்டு முன்திண்ணையின்) வாசனை நினைவிருக்கும். எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்பது அவள் முகத்தை நினைத்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் எழுதாதீர்கள், சொல்லுங்கள். போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, ஒரு மனிதரைப் பற்றி, ஒரு நாளில் நடந்ததைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. அவர் எந்த இடத்தில் முதன்முதலாக “அப்புறம்?” என்று கேட்கிறாரோ, உங்கள் புத்தகம் தொடங்கும் இடம் அதுதான். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டது. கூகுள் விசைப்பலகையில் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. அது தோட்டத்துச் சொற்களைத் தப்பாக எழுதும், எழுதட்டும். வெற்றுத் தாளைவிடத் தப்பான பக்கம் மேல், ஏனென்றால் திருத்துவதற்கு ஏதாவது இருக்கிறது. உண்மையான முதல் பக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

அறிகுறி: எழுத நேரமே கிடைப்பதில்லை

இதை ஒருவர் சொன்னால் நான் இன்னொரு கேள்வி கேட்பேன்: நேரம் இல்லையா, இடம் இல்லையா? 10க்கு 12 அடிக் காம்பராவில் (லயத்து அறையில்) ஐந்தாறு பேர் படுத்து எழும் வீட்டில், தொலைக்காட்சியும் பிள்ளைகளின் பாடமும் ஒரே விளக்கின் கீழ் நடக்கும்போது, இரவு ஒரு மணி நேரம் சும்மா கிடைத்தாலும் எழுத முடியாது. அங்கே “நேரத்தை நிர்வகியுங்கள்” என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை.

இடத்தைத் தேடுங்கள். தோட்ட வாசிகசாலை, கோயில் மண்டபம், மாலையில் பூட்டாமல் கிடக்கும் பாடசாலை வகுப்பறை, அட்டன் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை. நானுஓயாவிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிறவருக்கு யாரும் கூப்பிடாத பல மணி நேரம் கையில் இருக்கிறது. மஸ்கெலியா, அட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை கொட்டும். ஊவாப் பக்கத்தில் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிவரை. அந்த மாதங்களில் கரண்ட் போகும், போனில் சார்ஜ் இருக்காது. ஆகவே மழைக்காலத்துக்குக் கொப்பியும் பேனையும், வெயில் காலத்துக்கு டைப் செய்யும் வேலை என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெண்களுக்கு இன்னொரு தடை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மலையில் நின்றுவிட்டு வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, அதற்குப் பிறகு ஒரு கொப்பியை எடுத்தால் “எழுதிக் கிழிக்கப் போறியாக்கும்” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலோடு வாதாடிச் சக்தியை வீணாக்காதீர்கள். குரலில் பதிவு செய்யுங்கள், அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். டைப் செய்ய உயர்தரம் படிக்கும் மகளையோ தம்பி மகனையோ பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பெண்களின் கதை பெரும்பாலும் வேறு யாரோ எழுதியதாகவே இருக்கிறது. அது மாற வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

கணக்கு பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. அச்சில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 200 தமிழ்ச் சொற்கள் என்று வையுங்கள். நாளுக்கு 200 சொல், வாரத்தில் ஐந்து நாள். ஆறு மாதத்தில் 128 பக்கப் புத்தகத்துக்கான சொற்கள் வந்துவிடும். எழுதி நிறுத்தும்போது வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்திருங்கள். மறுநாள் உட்கார்ந்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

அறிகுறி: நாற்பது ஐம்பது பக்கம் வந்து நின்றுவிட்டது

அதிகமான புத்தகங்கள் சாகும் இடம் இது. மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எது என்று பார்க்காமல் கை வைத்தால் இன்னும் மோசமாகும்.

கடைசியாக எழுதிய ஐந்து பக்கங்களை எடுங்கள். “மக்கள் பெரும் துன்பத்தை அனுபவித்தார்கள்”, “வாழ்க்கை போராட்டமாகவே இருந்தது” என்பது போன்ற வரிகள் கூடியிருக்கின்றனவா? பெயர், இடம், பொருள், பேச்சு குறைந்துவிட்டதா? அப்படியானால் சரக்குத் தீர்ந்துவிட்டது. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை எழுதி முடித்துவிட்டு, கேள்விப்பட்டதன் மேல் நடந்துகொண்டிருக்கிறீர்கள். இதற்கு மேசையில் மருந்து இல்லை. எழுந்து போய் ஆட்களைப் பார்க்க வேண்டும். மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, எழுத்தாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தபடியே தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடிச் சேகரித்தார். சேகரிப்பது தனி வேலை, எழுதுவது தனி வேலை. இரண்டையும் ஒரே இரவில் ஒரே நாற்காலியில் செய்யப் பார்ப்பதால்தான் இரண்டும் நிற்கின்றன.

இரண்டாவது காரணம்: ஒரு உறைக்குள் இரண்டு புத்தகங்கள். அப்பாவின் கதை என்று தொடங்கி, தொழிற்சங்க வரலாற்றுக்குள் போய், திரும்பி வர வழி தெரியாமல் நிற்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதிப் பாயில் பரப்புங்கள். யாருடைய கதை என்று பார்த்துக் குவியலாகப் பிரியுங்கள். இரண்டு குவியல் கனமாக இருந்தால் ஒன்றை உறையில் போட்டு மேலே வையுங்கள். எறிய வேண்டாம், அது அடுத்த புத்தகம். எதை வைத்துக்கொள்வது என்று குழம்பினால், நீங்கள் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாதது எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். சங்கங்களின் வரலாற்றை நாளை ஒரு ஆய்வாளர் எழுதக்கூடும். உங்கள் அப்பா பிரட்டுக்களத்தில் என்ன சொன்னார் என்பதை அவரால் எழுத முடியாது.

மூன்றாவது: முதல் அத்தியாயம் ஆறு முறை திருத்தப்பட்டிருக்கும், நான்காவது அத்தியாயம் பிறந்தே இருக்காது. இதற்கு மருந்து கடுமையானது. முடிந்த பக்கங்களை நூலால் கட்டி, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் கடைசிப் பத்தி மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: ஆண்டு, பெயர், விவரம் தெரியாததால் நிற்கிறது

முதலில், நிற்காதீர்கள். தெரியாத இடத்தில் சிவப்புப் பேனையில் ‘ஆண்டு?’ என்று போட்டுவிட்டு மேலே போங்கள். ஒரு தேதிக்காக ஒரு அத்தியாயம் காத்திருக்கக் கூடாது.

பிறகு, பெரியவர்களிடம் கேட்கும் விதத்தை மாற்றுங்கள். “அம்மாயி, அது எந்த வருசம்?” என்றால் “யாருக்குப்பா தெரியும்” என்றுதான் பதில் வரும். “அப்போ நீங்க பேர் பதிஞ்சு வேலைக்குப் போயிட்டீங்களா? பெரியம்மா கப்பல் ஏறிட்டாங்களா? அப்பா பொறந்தாச்சா?” என்று கேளுங்கள். எண்பது வயதிலும் இந்த வரிசை மட்டும் குழம்புவதில்லை.

அந்த வரிசையை ஆண்டாக மாற்ற, பக்கத்தில் ஒரு தாளில் சில கொம்புகளை நட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1948, நம் ஆட்களைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபர், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1973–74, பெரியவர்கள் ‘பஞ்சம்’ என்று சொல்லும் காலம். 1977, 1983 கலவரங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் திரும்பவும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது.

சில கொம்புகள் நுணுக்கமானவை. “தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருசம்” என்று ஒருவர் சொன்னால் அது 1975 என்று உடனே எழுதிவிடாதீர்கள். 50 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காணிகளை 1972ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்தது. கம்பெனித் தோட்டங்கள் 1975இல்தான் போயின. அந்தத் தோட்டம் கம்பெனியுடையதா, தனி முதலாளியுடையதா என்று தெரிந்தால்தான் ஆண்டு சரியாக வரும். அதேபோல, இந்தியா போனவர் “தனுஷ்கோடியில எறங்குனோம்” என்றால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. ஒரு ஊர்ப்பெயர் பத்து வருடக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

தாள்களையும் தேடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, சங்கத்தின் சந்தா அட்டை, கல்யாணப் பத்திரிகை: இவை ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் மலையகச் சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. தோட்டத்தைப் பற்றிப் பழைய ஆங்கில ஆவணங்களில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் அங்கே இருக்காது, துரைமார் வைத்த பெயர்தான் இருக்கும். ஃபெர்குசன் வெளியிட்ட பழைய இலங்கை டிரெக்டரிகள் தோட்டங்களை அந்தப் பெயரில்தான் பட்டியலிடுகின்றன. இரண்டு பெயரையும் முதலிலேயே கண்டுபிடித்து எழுதி வையுங்கள்.

அறிகுறி: உயிரோடு இருப்பவர்கள் கதைக்குள் வருகிறார்கள், பயமாக இருக்கிறது

இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. பெயரை மாற்றினால் போதும் என்று பட்டணத்தில் எழுதுகிறவர்கள் நினைக்கலாம். ஒரு டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒரே ஒரு கணக்கப்பிள்ளைதான் இருந்தார் என்றால், ‘கந்தையா’வை ‘முத்தையா’ ஆக்கி என்ன பயன்? எல்லோருக்கும் தெரிந்துவிடும். தொழிலை மாற்றுங்கள், அல்லது தோட்டத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகர்த்துங்கள், அல்லது இரண்டு பேரை ஒருவராக்குங்கள். இது நாவலுக்கு. வாழ்க்கை வரலாறு என்றால் அப்படி மாற்ற முடியாது. உரியவரிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒருவருடைய வீட்டு வேதனை உங்கள் அத்தியாயத்தைவிடப் பெரியது.

ஆனால் இந்த முடிவுகளையெல்லாம் எழுதி முடித்த பிறகு எடுங்கள். எழுதும்போதே நீக்கிக்கொண்டு போனால் நீங்கள் சொல்ல வந்ததையும் சேர்த்து நீக்கிவிடுவீர்கள்.

அறிகுறி: தோட்டத்துப் பேச்சில் எழுதுவதா, பாடப்புத்தகத் தமிழிலா என்ற குழப்பம்

ஆட்கள் பேசும்போது அவர்கள் பேசுகிற மாதிரியே பேசட்டும். கதை சொல்லும் இடத்தில் எளிய எழுத்துத் தமிழ் போதும். கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), இஸ்தோப்பு எல்லாம் அப்படியே வரலாம். யாழ்ப்பாணத்து வாசகரும் சென்னை வாசகரும் இரண்டு பக்கத்தில் பழகிவிடுவார்கள். சொற்பட்டியல் போடத்தான் வேண்டுமென்றால் பின்னால் போடுங்கள்.

அறிகுறி: எழுதி முடித்தும் முடியவில்லை

கைப்பிரதி முழுதாக இருக்கிறது, ஆனால் வெளியே போகவில்லை. “இன்னும் ஒரு அத்தியாயம் சேர்க்கணும்” என்கிறார் எழுதியவர். மறு வருடமும் அதையே சொல்கிறார். எங்கே நிறுத்துவது என்று முன்னால் முடிவு செய்யாததன் விளைவு இது. இப்போதாவது செய்யுங்கள்: கடைசிப் பக்கத்தை இன்றே எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரத் தேவையில்லாத எதையும் இனிச் சேர்க்காதீர்கள். புத்தகம் தடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுத்தாளர் என்.எஸ்.எம். இராமையாவை மலையகம் இன்றும் நினைப்பது ஒரு சிறுகதைத் தொகுப்பால்.

திருத்துவதை மூன்றாகப் பிரியுங்கள். முதல் சுற்றில் விவரம் மட்டும்: சிவப்புப் பேனைக் குறிகளை ஒவ்வொன்றாகத் தீருங்கள். தீராதது இருந்தால் அந்த வாக்கியத்தையே ஆண்டு இல்லாமல் எழுதுங்கள். இரண்டாம் சுற்றில் வெட்டு மட்டும். எழுத்துப் பிழை மூன்றாம் சுற்றில். வெட்டப் போகிற பத்தியில் ஒற்று மிகுமா மிகாதா என்று மண்டையை உடைப்பது உழைப்பை வீணாக்குவது.

வெட்டும் சுற்றுக்கு முன் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். வாசிக்க முடியாதவர் என்றால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். “இல்லப்பா, கொழுந்து நிறுக்கிற நேரம் அது இல்ல” என்று அவர் சொல்லும் ஒரு வரி, பட்டம் பெற்றவரின் பத்துப் பக்க விமர்சனத்துக்குச் சமம். மற்றவர் தோட்டத்தையே பார்க்காதவர். அவர் எங்கே வாசிப்பதை நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொரு தாமதம் நம்மிடையே சாதாரணமாகிவிட்டது: அணிந்துரை. ஒரு பேராசிரியரிடம் பிரதி போகும், அவருக்கு வேலை அதிகம், மாதங்கள் ஓடும், எழுதியவர் கேட்கக் கூச்சப்படுவார். கொடுக்கும்போதே மரியாதையாக ஒரு தேதி சொல்லுங்கள்: “ஐயா, தை மாதம் அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள முடிஞ்சா ரெண்டு பக்கம் தாங்க.” வராவிட்டால் அணிந்துரை இல்லாமல் அச்சிடுங்கள். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் போன்ற பெரியவர்கள் இளையவர்களுக்கு முன்னுரை எழுதியது அன்பினால். அது புத்தகம் வெளிவர நிபந்தனையாக ஒருநாளும் ஆகக் கூடாது.

அறிகுறி: அச்சகத்தில் மாட்டிக்கொண்டது

இலங்கை அச்சகங்கள் பலவற்றில் இன்றும், யுனிகோட் முறையில் அமையாத பழைய பாமினி எழுத்துருதான். நீங்கள் யுனிகோடில் டைப் செய்த கோப்பை அவர்கள் பாமினிக்கு மாற்றும்போது காற்புள்ளியும் மேற்கோள் குறியும் வேறு எழுத்தாக மாறிவிடும். மாற்றிய பிறகு வரும் ப்ரூஃபை முழுதாக வாசியுங்கள். “நான் ஏற்கெனவே திருத்திட்டேன்” என்று விடாதீர்கள். கோப்பை உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள், போன் தண்ணீரில் விழுந்தாலும் புத்தகம் இருக்கும்.

பக்கங்களை 16இன் மடங்காக அமைத்தால் தாள் வீணாகாது. 128 அல்லது 144 நல்ல அளவு. முதல் பதிப்புக்கு 1,000 பிரதி அடித்துக் காம்பராவில் அடுக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிக்கும். டிஜிட்டல் அச்சில் 200, 300 பிரதி போட்டு, தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். அட்டை அச்சாகும் முன்பே கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கினால் ஸ்டிக்கர்தான் ஒட்ட வேண்டிவரும்.

வெளியீட்டு விழா மண்டபத்தைப் பிரதி கைக்கு வந்த பிறகு பதிவு செய்யுங்கள். முதற்பிரதி வாங்கப் பிரமுகரை அழைப்பது உங்கள் விருப்பம். கதை கொடுத்த பெரியவர்களுக்கு விழாவுக்கு முன்பே வீட்டுக்குப் போய் ஆளுக்கொன்று கொடுங்கள், அவர்களால் அட்டனுக்கு இறங்கி வர முடியாமல் போகலாம். தோட்டப் பாடசாலை நூலகத்துக்கு இரண்டு, நூலகம் காப்பகத்துக்கு ஒன்று. காப்பகத்துக்குக் கொடுக்கும்போது பி.டி.எஃப். கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.